தண்ணீரைத் தேடிய ஊர்

கலிபோர்னியா என்றதும் பலருக்கு ஹாலிவுட்டும் நீண்ட கடற்கரைகளும்தாம் நினைவுக்கு வரும். அம்மாநிலத்தின் நடுவே, இரண்டு மலைத்தொடர்களுக்கு இடையில், ஏறத்தாழ 700 கிலோமீட்டர் நீளத்திற்கு ஒரு சமவெளி கிடக்கிறது. அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ஆனால், அங்கே விளையும் பொருள்கள் நம் சமையலறை வரைக்கும் வந்துவிடுகின்றன. உலகில் விளையும் பாதாம் பருப்பில் பெரும்பகுதி அந்தச் சமவெளியில்தான் காய்க்கிறது. பிஸ்தா, திராட்சை, பருத்தி, தக்காளி என அங்குள்ள வயல்கள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நீள்கின்றன.

அந்தச் சமவெளியின் தென்பகுதியில், துலாரி கவுண்டி என்னும் நிர்வாகப் பகுதியில், ரயில் பாதையை ஒட்டி ஒரு சிற்றூர் இருக்கிறது. அதன் பெயர் ஆலன்ஸ்வர்த். அங்கு வாழ்பவர்கள் ஏறத்தாழ 500 பேர். நெடுஞ்சாலையிலிருந்து திரும்பினால் முதலில் கண்ணில் படுவது ஓர் அரசுப் பூங்கா. நூறாண்டுக்கு முந்தைய மரவீடுகள், பள்ளிக்கூடம், நூலகம், கடை ஆகியவை வண்ணம் பூசப்பட்டு அழகாக நிற்கின்றன. ஆனால் அவற்றில் யாரும் குடியிருக்கவில்லை. மக்கள் குடியிருக்கும் வீடுகள் சற்றுத் தள்ளி இருக்கின்றன. பூங்காவுக்கு வந்து படம் பிடித்துவிட்டுத் திரும்பும் பயணிகளில் பலர் அந்த வீடுகளைப் பார்ப்பதே இல்லை. ஆனால், இவ்விரண்டு பகுதிகளின் கதையும் ஒன்றுதான். அது தண்ணீரின் கதை.

கதைக்குள் போகுமுன், அந்த ஊரின் ஆட்சிமுறையை அறிந்துகொள்ள வேண்டும். மலேசியாவில் நாம் வாழும் இடத்தைப் பொறுத்து மாநகராண்மைக் கழகமோ, நகராண்மைக் கழகமோ, மாவட்ட மன்றமோ குப்பையையும் வடிகாலையும் கவனிக்கிறது. அமெரிக்காவில் நிலைமை வேறு. ஓர் ஊர் சட்டப்படி தன்னை நகரமாகப் பதிவு செய்துகொண்டால்தான் அதற்கென மேயரும் நகர மன்றமும் உண்டு. பதிவு செய்துகொள்ளாத ஊர்கள் அந்நாட்டில் ஆயிரக்கணக்கில் உள்ளன. அவற்றுக்குப் பெயர் உண்டு, மக்கள் உண்டு, பள்ளிகூட இருக்கலாம். சொந்த நகர மன்றம் மட்டும் இல்லை. சாலை, காவல், நிலப் பயன்பாடு போன்றவற்றை அந்த ஊர் அமைந்துள்ள கவுண்டியின் அரசு முடிவு செய்யும்.

ஆலன்ஸ்வர்த் அத்தகைய ஊர்களுள் ஒன்று. துலாரி கவுண்டியின் தலைமையிடம் விசேலியா என்னும் நகரம். அங்கே ஐந்து உறுப்பினர்களைக் கொண்ட குழு கூடி முடிவெடுக்கிறது. அந்தக் கவுண்டியில் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கின்றனர். அவர்களுக்கிடையே 500 பேரின் குரல் எவ்வளவு தூரம் கேட்கும் என்பதை எளிதில் ஊகிக்கலாம். ஊர்மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் அமைப்பு ஒன்றும் இருக்கிறது. அது சமூகச் சேவை வாரியம் எனப்படும் சிறிய வாரியம். அதன் தலையாய வேலை தண்ணீர் வழங்குவது. அந்த வேலைதான் அந்த ஊரில் மிகக் கடினமானதும்கூட.

ஊருக்குப் பெயர் தந்தவர் ஆலன் ஆலன்ஸ்வர்த். அவர் 1842ஆம் ஆண்டு கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் அடிமையாகப் பிறந்தார். அடிமைகள் எழுதப் படிக்கக் கற்பதை அக்கால எசமானர்கள் விரும்பவில்லை. கற்றவன் கேள்வி கேட்பான் என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது. எழுத்துகளைக் கற்கத் தொடங்கியதால் சிறுவன் ஆலன் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு வேறோர் இடத்துக்கு அனுப்பப்பட்டான். பின்னர் விற்கவும் பட்டான். அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்தபோது அவர் வட மாநிலப் படையினருடன் சேர்ந்து தப்பித்தார், கடற்படையில் பணியாற்றினார். போர் முடிந்தபின் விட்ட இடத்திலிருந்து படிப்பைத் தொடர்ந்து போதகரானார். 1886ஆம் ஆண்டு, கறுப்பின வீரர்களைக் கொண்ட 24ஆவது காலாட்படைப் பிரிவின் சமயகுருவாக நியமிக்கப்பட்டார். அப்பணியில் அவர் சமயம் மட்டும் போதிக்கவில்லை. வீரர்களுக்கு எழுத்தறிவும் கற்பித்தார். 1906இல் ஓய்வு பெற்றபோது அவர் லெப்டினன்ட் கர்னல். அந்தப் பதவியை எட்டிய முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர் அவரே.

அடிமை முறை ஒழிந்து நாற்பது ஆண்டுகள் கடந்திருந்தாலும், விரும்பிய தெருவில் வீடு வாங்கவும் விரும்பிய தொழிலைச் செய்யவும் கறுப்பின மக்களால் இயலவில்லை. அவர்களே நடத்தும் ஓர் ஊர் இருந்தால் என்ன என்று கர்னல் எண்ணினார். ஆசிரியர் வில்லியம் பெய்ன் உள்ளிட்ட சிலருடன் சேர்ந்து 1908ஆம் ஆண்டு துலாரி கவுண்டியில் அந்த ஊரை உருவாக்கினார். இடத்தைத் தேர்ந்தெடுக்கக் காரணங்கள் இருந்தன. ரயில் நிலையம் அருகிலேயே இருந்தது. நிலம் அவர்களால் வாங்கக்கூடிய விலையில் கிடைத்தது. அந்நாளில் அங்கே கிணறு தோண்டினால் தண்ணீர் தானாகவே பீறிட்டு மேலே வந்தது. நிலத்தை விற்ற நிறுவனம் போதிய தண்ணீர் தருவதாகவும் உறுதி கூறியது.

ஆசிரியர்களும் விவசாயிகளும் ஓய்வு பெற்ற வீரர்களும் குடும்பத்துடன் வந்து சேர்ந்தார்கள். ஊரின் தெருக்களுக்கு அடிமை முறையை எதிர்த்துப் போராடியோரின் பெயர்களைச் சூட்டினார்கள். 1912இல் பள்ளிக்கூடம் எழுந்தது. 1913இல் கர்னலின் மனைவி ஜோசபின் தம் தாயாரின் நினைவாக நூலகம் ஒன்றை அமைத்துக் கொடுத்தார். படிக்க முயன்றதற்காக விற்கப்பட்ட ஒருவரின் ஊரில், முதலில் எழுந்த பொதுக் கட்டடங்கள் பள்ளியும் நூலகமுமாக இருந்ததில் வியப்பில்லை. 1914இல் ஊர் ஒரு நீதி வட்டமாகவும் ஆனது. ஆஸ்கார் ஓவர் என்பவர் உள்ளூர் நீதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கலிபோர்னியாவில் அத்தகைய பதவிக்கு ஒரு கறுப்பினத்தவர் வருவது அதுவே முதல்முறை. நகரத் தகுதி இல்லாவிட்டாலும், பள்ளி வாரியம், நீதி வட்டம் என்று கைக்குக் கிடைத்த ஒவ்வொரு சட்ட வடிவத்தையும் பயன்படுத்தி அவர்கள் தங்களைத் தாங்களே ஆண்டுகொண்டார்கள்.

அதே 1914ஆம் ஆண்டில்தான் அடிமேல் அடி விழுந்தது. ரயில் நிறுவனம் அருகிலுள்ள ஆல்பா என்னும் ஊருக்குக் கிளைப்பாதை அமைத்தது. அதுவரை ஆலன்ஸ்வர்த்தில் இறங்கிய சரக்குகளும் பயணிகளும் அங்கே போயின. வணிகமும் உடன் போயிற்று. செப்டம்பரில், மொன்ரோவியா என்னும் ஊரில் தெருவைக் கடந்துகொண்டிருந்த கர்னல் மீது மோட்டார் சைக்கிள் மோதியது. அவர் உயிரிழந்தார். மறு ஆண்டு, ஊரில் தொழிற்கல்லூரி ஒன்று அமைக்கும் திட்டத்தைச் சட்டமன்றம் நிராகரித்தது.

இவற்றையெல்லாம்கூட ஊர் தாங்கியிருக்கலாம். தண்ணீர்க் குறையைத்தான் தாங்க முடியவில்லை. நிலம் விற்ற நிறுவனம் வாக்களித்த அளவுக்குத் தண்ணீர் வரவில்லை. சுற்றிலும் பெரிய பண்ணைகள் பெருகின. ஆழமான கிணறுகளையும் வலிமையான இயந்திரங்களையும் கொண்டு அவை நீரை இறைத்தன. தானாகப் பீறிட்ட நீர் கீழே போய்விட்டது. சிறு விவசாயிகளின் வயல்கள் காய்ந்தன. பிள்ளைகள் வேலை தேடி நகரங்களுக்குச் சென்றார்கள்.

இவ்வளவு நீர்வளம் குன்றிய இடத்திற்கு ஏன் வந்தார்கள் என்று கேட்கத் தோன்றும். உண்மையில் அது வறண்ட இடமே அன்று. ஆலன்ஸ்வர்த்துக்கு மேற்கே ஒரு காலத்தில் துலாரி ஏரி இருந்தது. மலைகளில் பனி உருகி வரும் ஆறுகள் அதில் வந்து கலந்தன. மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே அமெரிக்காவில் இருந்த நன்னீர் ஏரிகளில் பரப்பளவில் மிகப் பெரியது அதுதான். அதன் கரையில் யோகுட்ஸ் பழங்குடியினர் நாணலால் படகு செய்து மீன் பிடித்து வாழ்ந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குடியேறியவர்கள் ஆறுகளைக் கால்வாய்களில் திருப்பினார்கள். ஏரிப்படுகையை உழுது பயிரிட்டார்கள். ஏரி இருந்த இடத்தில் பருத்தி விளைந்தது. ஆற்று நீர் போதாதபோது பண்ணைகள் நிலத்தடி நீரை நாடின.

நிலத்தடி நீரை அளவின்றி இறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அதே சமவெளியில் எடுக்கப்பட்ட ஒரு புகைப்படம் சான்றாக உள்ளது. மென்டோட்டா என்னும் ஊருக்கு அருகில் 1977இல் எடுக்கப்பட்ட படம் அது. நில ஆய்வாளர் ஜோசப் போலண்ட் ஒரு மின்கம்பத்தின் அடியில் நிற்கிறார். அவர் தலைக்கு மேலே, கம்பத்தின் நடுவில் 1955 என்ற பலகை. அதற்கும் மேலே, உச்சிக்கு அருகில் 1925 என்ற பலகை. அந்தந்த ஆண்டில் தரை எந்த உயரத்தில் இருந்தது என்பதை அப்பலகைகள் காட்டுகின்றன. ஐம்பது ஆண்டுகளில் தரை ஏறத்தாழ ஒன்பது மீட்டர் கீழே இறங்கிவிட்டது. இரண்டு மாடிக் கட்டடத்தைவிட உயரம். நீர் நிறைந்த களிமண் அடுக்குகள், நீரை இழந்ததும் பிழிந்த பஞ்சுபோல் அமுங்குகின்றன. பஞ்சாவது மறுபடி நீரில் இட்டால் உப்பும். அமுங்கிய களிமண் பெரும்பாலும் உப்புவதில்லை.

தரை இறங்குவதோடு கேடு நின்றுவிடவில்லை. அந்தக் களிமண் அடுக்குகளில் ஆர்செனிக் என்னும் நச்சுப்பொருள் இயற்கையாகவே படிந்துள்ளது. களிமண் அமுங்கும்போது அதனுள் அடைபட்டிருந்த நச்சு நீர், குடிநீர் எடுக்கும் அடுக்குகளுக்குள் கசிகிறது. ஆர்செனிக்குக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையும் இல்லை. தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் அது போகாது. நீர் ஆவியாவதால் அதன் செறிவு இன்னும் கூடவே செய்யும். நீண்ட காலம் குடிப்பவர்களுக்குத் தோல் நோய்களும் புற்றுநோயும் வரக்கூடும். ஆதலால், ஒரு லிட்டர் குடிநீரில் பத்து மைக்ரோகிராமுக்கு மேல் ஆர்செனிக் இருக்கலாகாது என உலகச் சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. அமெரிக்காவின் சட்டமும் இன்று அதே அளவைத்தான் கொண்டுள்ளது. ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. அதைக் கண்ணால் காண இயலாது. ஆய்வுக்கூடம்தான் கண்டு சொல்ல வேண்டும்.

1966ஆம் ஆண்டு ஆலன்ஸ்வர்த்தின் தண்ணீரில் ஆர்செனிக் இருப்பது தெரியவந்தது. அப்போது ஊரில் எஞ்சியிருந்த குடும்பங்கள் சிலவே. பழைய கட்டடங்களை இடித்துவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது. அதைத் தடுக்க முன்வந்தவர் கார்னிலியஸ் போப். சிறுவயதில் அந்த ஊரில் வளர்ந்தவர். பின்னாளில் மாநிலப் பூங்காத் துறையில் வரைவாளராகப் பணிபுரிந்தார். அவரும் பிறரும் இடைவிடாமல் முயன்றதன் பயனாக, 1970களில் அந்தப் பகுதி கர்னல் ஆலன்ஸ்வர்த் மாநில வரலாற்றுப் பூங்காவாக ஆனது. பள்ளிக்கூடத்தில் பழைய மேசைகளும் கரும்பலகையும் மீண்டும் இடம்பெற்றன.

இப்படி இறந்தகாலம் காப்பாற்றப்பட்டது. நிகழ்காலத்தைக் காப்பாற்றுவதுதான் கடினமாக இருக்கிறது. பூங்காவுக்கு வெளியே உள்ள ஊரில் இன்று வாழ்பவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோ முதலிய நாடுகளைப் பூர்வீகமாகக் கொண்ட பண்ணைத் தொழிலாளர்கள். கறுப்பினக் குடும்பங்கள் சிலவும் உள்ளன. சுற்றியுள்ள தோட்டங்களில் பாதாமும் பிஸ்தாவும் திராட்சையும் செழித்திருக்க, அவற்றைப் பறிப்பவர்கள் வீட்டில் குழாயைத் திறந்தால் வரும் நீரைக் குடிக்கத் தயங்குகிறார்கள். நகரங்களுக்குச் சென்று புட்டிநீர் வாங்கி வருகிறார்கள். குழாய் நீருக்கும் கட்டணம் கட்ட வேண்டும். புட்டிநீருக்கும் பணம் தர வேண்டும். ஏழைகளே தண்ணீருக்கு இருமுறை பணம் கொடுக்கிறார்கள் என்பதை நியாயம் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஒரு சுத்திகரிப்பு நிலையம் கட்டிவிட்டால் போதாதா? போதும்தான். ஆனால் அதன் செலவை இலட்சம் பேர் பகிர்ந்துகொள்வதும் ஐந்நூறு பேர் பகிர்ந்துகொள்வதும் ஒன்றாகுமா? கட்டிய பின்னும் மின்சாரம், இரசாயனம், பயிற்சி பெற்ற பணியாளர் என்று மாதந்தோறும் செலவுகள் உள்ளன. நகர மன்றம் இருந்தால் பலவகை வரி வருவாயிலிருந்து அதற்குப் பணம் ஒதுக்கலாம். ஆலன்ஸ்வர்த்தின் வாரியம் பெரிதும் நம்பியிருப்பது தண்ணீர்க் கட்டணத்தை மட்டுமே. மற்றவற்றுக்கு அரசிடம் மனுப்போட்டுக் காத்திருக்க வேண்டும். தூய்மையான, கட்டுப்படியான விலையில் கிடைக்கும் தண்ணீர் ஒவ்வொருவரின் உரிமை என்று கலிபோர்னியா 2012இல் சட்டம் இயற்றியது. நிலத்தடி நீரை இறைப்பதைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை 2014இல் கொண்டுவந்தது. சிற்றூர்களின் குடிநீருக்காக 2019இல் தனி நிதியையும் ஏற்படுத்தியது. சட்டங்கள் நல்லவை, குழாய் வரை அவை வந்து சேர்வதற்குள் குழந்தைகள் வளர்ந்துவிடுகிறார்கள்.

ஊர்மக்கள் காத்துக்கொண்டு மட்டும் இருக்கவில்லை. பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்களுக்கு இடம் கொடுத்து, தங்கள் தண்ணீரிலேயே சோதனை செய்யச் சொன்னார்கள். இந்தியாவில் பிறந்த பேராசிரியர் அசோக் காட்கில் அந்தக் குழுவை வழிநடத்துபவர். ஆர்செனிக் சிக்கல் மிகுந்த மேற்கு வங்காளத்தில் முன்னர் செய்து பார்த்த முறையை ஒட்டியது அவரது தொழில்நுட்பம். அதன் அடிப்படை எளிது. தண்ணீரில் இரும்புத் தகடுகளை வைத்துச் சிறிதளவு மின்சாரம் பாய்ச்சினால் துரு உண்டாகும். ஆர்செனிக் அந்தத் துருவோடு ஒட்டிக்கொள்ளும். துருவை வடிகட்டி நீக்கினால் நஞ்சும் நீங்கும். வங்காளத்துச் சிற்றூருக்கு உதவிய அறிவு, உலகின் மிகச் செல்வந்த நாட்டின் சிற்றூர் ஒன்றுக்கும் தேவைப்பட்டிருக்கிறது!

இதற்கிடையே 2023ஆம் ஆண்டு வந்தது. அவ்வாண்டின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் தொடர்ந்து புயல்மழை பெய்தது. மலைகளில் பனி மிகுதியாகக் குவிந்தது. மனிதர் திருப்பிவிட்ட ஆறுகள் பழைய வழியைத் தேடி வந்தன. மறைந்துபோன துலாரி ஏரி மீண்டும் தோன்றியது. ஒரு இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட விளைநிலம் நீருக்கு அடியில் போனது. மார்ச் மாதம் ஆலன்ஸ்வர்த் மக்களை வெளியேறுமாறு உத்தரவு பிறந்தது.

குடிக்க நல்ல தண்ணீர் இல்லாத ஊரைத் தண்ணீர் சூழ்ந்துகொண்டது. வெள்ளத்தடுப்புக் கரைகளை யார் உயர்த்துவது, ஓடையின் நீரை எந்தப் பக்கம் திருப்புவது என்று கேட்டால், ஓடை ஒருவருக்கு, கரை இன்னொருவருக்கு, ரயில் பாதை வேறொருவருக்கு உரியதாக இருந்தது. அவசர நிலையில் சட்டென்று உத்தரவிட ஊருக்கென மேயர் இல்லை. எனவே ஊர்மக்களில் பலர் வெளியேறாமல் தங்கினார்கள். மண்வெட்டியுடன் இரவிலும் வேலை செய்தார்கள். மணல் மூட்டைகளை அடுக்கினார்கள். டிராக்டர் வைத்திருந்தவர்கள் மண்ணைத் தள்ளிக் கரை கட்டினார்கள். மற்றவர்கள் முறைவைத்து நீர்மட்டத்தைக் கண்காணித்தார்கள். ஊர் பெரும்பாலும் மூழ்காமல் தப்பியது.

வெள்ளம் வடிந்த பிறகும் அந்த நீர் நிலத்தடியின் ஆழத்தில் இறங்கி ஊர்க் கிணறுகளை நிறைத்துவிடவில்லை. ஏரிப்படுகையின் இறுகிய களிமண் அதை எளிதில் உள்ளே விடுவதில்லை. ஆகவே மக்கள் முன்போலவே காரில் சென்று புட்டிநீர் வாங்கி வந்தார்கள்.

1912ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட அந்தப் பள்ளி வட்டாரம் இன்றும் இருக்கிறது. பூங்காவில் உள்ள பழைய பள்ளிக்கூடத்தில் வகுப்புகள் நடப்பதில்லை. ஊரில் வேறொரு தொடக்கப்பள்ளி இயங்குகிறது. பண்ணைத் தொழிலாளர்களின் பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள். ரயில்களும் நாள்தோறும் ஊரைக் கடந்து போகின்றன. பூங்காவில் விழா நடக்கும் சில நாள்களில் மட்டும், கர்னலை நினைவுகூர வருவோரை இறக்கிவிடுவதற்காகப் பயணிகள் ரயில் அங்கே நிற்கிறது. மற்ற நாள்களில் அது வேகம் குறையாமல் போய்விடுகிறது.